மறுப்பின் விலை

கொண்டாட்டங்களில் யாராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முதலில் கேட்பது, "குதிரைக்கு மாசம் எவ்வளவு முடியுது?" என்றுதான். அம்மாவின் முழங்கால், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு. பிரெடெரிசியாவிலும் பக்கத்துக் கோல்டிங், வைலே நகரங்களிலும் எங்கள் பிள்ளைகள் பூப்பந்தும் உதைபந்தும் ஆடுகிறார்கள், பரதமும் மிருதங்கமும் பழகுகிறார்கள். குதிரை ஏறுகிற பிள்ளை எங்கள் வட்டத்தில் என் மகள் ஒருத்திதான். அதனால் கேட்பவரின் குரலில் கொஞ்சம் வியப்பும் கொஞ்சம் 'உங்களுக்கென்ன' என்பதும் கலந்திருக்கும்.

உண்மையில் இந்த நாட்டில் குதிரையேற்றம் பணக்காரருக்கு மட்டுமானதல்ல. ஊருக்கு ஊர் கழகம் இருக்கிறது, கழகத்துக்கென்று குதிரைகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு பாடம் என்றால் எங்களைப் போன்றவர்களாலும் தாங்க முடியும். அதற்கு அடுத்த படியை 'பார்ட்' என்பார்கள். இன்னொருவருடைய குதிரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் நம் பிள்ளை ஏறும், தேய்த்துவிடும், லாயத்தைக் கூட்டும். செலவில் ஒரு பங்கை நாம் கொடுப்போம். நாங்கள் மாதம் 1,200 குரோனர் கொடுத்தோம். இதைவிட, வருடத்தில் இரண்டு சனிக்கிழமைகள் பெற்றோர் எல்லோரும் கழகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். ஒரு வைத்தியரும் ஒரு பொறியியலாளரும், முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை செய்யும் நானும் ஒரே வாளியில் தூரிகை தோய்த்துத் தடைக்கட்டைகளுக்கு வெள்ளையும் நீலமும் பூசியிருக்கிறோம். டென்மார்க்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சொந்தக் குதிரை என்றவுடன் கணக்கு வேறாகிவிடும். எங்கள் பக்கத்தில் லாய வாடகை மட்டும் மாதம் 3,500 குரோனர் அளவில் வரும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம். பிறகு காப்புறுதி, தடுப்பூசி, பல் பார்ப்பவர், சேணம். போட்டிக்குக் கொண்டுபோக ட்ரெய்லர், அதை இழுக்கப் பாரமான கார், அந்தப் பாரத்தை இழுக்கத் தனியான அனுமதிப்பத்திரம். குதிரையின் விலை இதற்குள் இல்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது பயிற்றுநர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைக்குக் கை மென்மை, சமநிலை நல்லது, கழகக் குதிரையில் இதற்குமேல் போக முடியாது என்றார். ஒன்றரை லட்சம் குரோனருக்குள் தடைதாண்டலுக்குப் பழகிய குதிரையொன்றைத் தேடலாம், மூன்று வருடத்தில் பெரிய போட்டிகளைப் பற்றி யோசிக்கலாம் என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் அப்பாதான் பேசினார். இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் 22 வருடம் நின்றவர் அவர். "என்ரை புத்தகத்திலை கிடக்குது. எடுங்கோ. பேத்திக்குத்தானே."

அந்தக் காசை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதை எழுதிப் பார்க்கிறேன். தொகை பெரிது என்பது காரணமல்ல. வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்கு ஒன்றரை லட்சம் ஒரு புதினமான எண் இல்லை.

இந்த விளையாட்டில் மேலே போவதென்றால் என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் தடைதாண்ட விரும்புகிறவர் புள்ளி சேர்க்க வேண்டும். புள்ளி சேர்க்கப் போட்டிக்குப் போக வேண்டும், ஒரு போட்டிக்கல்ல, வருடம் முழுக்க, நாடு நாடாக. ஒவ்வொரு பயணத்துக்கும் குதிரை லொறி, லாயம், குதிரையைப் பார்க்கிற ஆள், மிருக வைத்தியர். திறமை இல்லாமல் புள்ளி கிடைக்காது. திறமை மட்டும் இருந்தாலும் கிடைக்காது. இலங்கையில் பிறந்து கைக்குழந்தையாகவே சுவீடன் குடும்பமொன்றால் தத்தெடுக்கப்பட்ட மத்தில்டா கார்ல்சன், டோக்கியோ ஒலிம்பிக்கில் சோப்பின் விஏ என்ற குதிரையில் இலங்கைக்காகத் தடைதாண்டினார். அந்தக் கொடியின் கீழ் ஒலிம்பிக்கில் குதிரை ஏறிய முதலாமவர் அவர். பிரான்ஸில் நடந்த சில போட்டிகளின் புள்ளிகளைச் சர்வதேசச் சம்மேளனம் செல்லாது என்று கழித்தபோது, அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போய்த்தான் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்தக் கொடியைப் பற்றி எங்கள் வீடுகளில் என்ன பேசுவோம் என்பது வேறு கதை. ஆனால் அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் என் மகள் எழும்பி நின்றே பார்த்தாள்.

இந்தியர்களுக்கு இன்னொரு தடை இருந்தது. அங்கிருக்கும் குதிரையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர நோய்த்தடுப்பு விதிகள் விடவில்லை. மீரட் படைமுகாமிலுள்ள ஒரு வளாகத்துக்கு நோயற்ற பகுதி என்ற சர்வதேச அங்கீகாரம் 2025 யூலையில்தான் கிடைத்தது. குதிரை வர முடியாததால் பிள்ளைகள் போனார்கள். கொல்கத்தாவின் அனுஷ் அகர்வாலா 17 வயதில் ஜெர்மனிக்குப் போய்விட்டார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவரும் மற்ற மூவரும் சேர்ந்து டிரெஸ்ஸாஜ் என்ற நடைப்போட்டியில் அணித் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அது 41 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அதற்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் எவ்வளவு செலவழித்தன என்று பத்திரிகைகள் எழுதின. பதினேழு வயதுப் பிள்ளை, இனி எனக்கு வேண்டாம் என்று ஒரு மாரிகாலத்தில் நினைத்திருந்தால் அதை யாரிடம் சொல்லியிருக்கும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

குதிரைக்காகக் கொட்டிக்கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. பாண்டியர் கடல்வழியாக வாங்கிய குதிரைகளைப் பற்றி வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். வருடத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரசன் விலை கொடுக்க வேண்டும். கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும் கணிகையர் கட்டிய வரியிலிருந்தும் அந்தப் பணம் போனது என்கிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை வருட முடிவுக்குள் செத்துப்போயின என்கிறார். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முடிவெடுத்தவன் ஒருவன், பணம் கட்டியவர்கள் வேறு சிலர், உயிரைக் கொடுத்தது இன்னொன்று என்ற ஒழுங்கை நம்பலாம்.

2022 ஓகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் எங்கள் வாசலுக்கே வந்தது. ஹெர்னிங் நகரம் எங்களுக்குச் சித்திவிநாயகர் கோயில் இருக்கிற ஊர், டேனிஷ்காரருக்கு எஃப்.சி. மிட்யூலன் கழகத்தின் ஊர். அந்த உதைபந்து அரங்கத்தையே மணல் தரையாக்கித் தடைகளை வைத்திருந்தார்கள். பிராண்டே அபிராமி அம்மனுக்குப் போகிற அதே பாதையால் நானும் மகளும் காரில் போனோம். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: சத்தம். 600 கிலோ எடையுள்ள பிராணி என் தோளைத் தாண்டிய உயரத்துக்கு எழும்பி, முன்னங்கால்கள் இரண்டிலும் இறங்கும்போது மணலுக்குள்ளிருந்து ஒரு 'தொம்' வரும். அது நெஞ்சில் கேட்கும். தங்கம் வென்றவர் சுவீடனின் ஹென்ரிக் ஃபொன் எக்கர்மன். அவருடைய கிங் எட்வர்ட் குளம்பில் லாடமே இல்லாமல் ஓடுகிற குதிரை. அந்த வாரம் முழுவதும் அது ஒரு கட்டையைக்கூட விழுத்தவில்லை. அழகு என்ற சொல்லை நான் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவேன். அதற்குப் பயன்படுத்துகிறேன்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு குதிரை, எந்த நாடென்று நினைவில்லை, இரட்டைத் தடைக்கு முன்னால் வந்து நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அரங்கம் முழுக்க ஒரு 'ஓ' எழும்பியது. ஏறியிருந்தவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார், குதிரை மறுபடியும் நின்றது, மணி அடித்தது. விதி என்ன என்று மகளிடம் கேட்டேன். கட்டை விழுந்தால் நான்கு பிழை. குதிரை நின்றால் அதுவும் நான்கு. இரண்டாம் தரம் நின்றால் வெளியே. விதிப்புத்தகத்தில் இதற்கு மறுப்பு என்று பெயர், 'கீழ்ப்படியாமை' என்ற தலைப்பின் கீழ் வருகிறது என்றாள்.

அந்தச் சொல் எனக்குள் நின்றுவிட்டது. உலகில் மிருகங்களை வைத்துச் செய்யும் எத்தனையோ காரியங்களில் மிருகத்துக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வழியே இல்லை. அப்பா நின்ற தொழிற்சாலையின் பட்டியில் பன்றி நின்றுவிட்டால் அது ஒரு மறுப்பாகப் பதியப்படுவதில்லை. தடைதாண்டலில் மட்டும் மறுப்பு என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு நான்கு என்று விலையும் போட்டிருக்கிறார்கள். இது நேர்மையா, கொடுமையா என்று காரில் திரும்பி வரும்போது கேட்டேன். மகளுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "அதுக்கும் விருப்பம்தான் அம்மா. காதைப் பாத்தா விளங்கும். தடையைக் கண்டதும் காது ரெண்டும் முன்னுக்கு வரும்."

நாங்கள் டென்மார்க்குக்கு வருமுன் இரண்டு வருடம் இந்தியாவில், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் இருந்தோம். அங்கே கோயிலில் கிடாய் வெட்டுமுன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் கொடுத்துவிட்டது என்று குலவையிடுவார்கள். சிலுப்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் எந்த ஆடும் எப்போதாவது சிலுப்பும். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கியது, பெரியவர்களுக்கும் விளங்கியிருக்கும். ஆனாலும் அவர்கள் காத்திருந்தார்கள் என்பதை இன்று யோசிக்கும்போது அவ்வளவு இலேசாகச் சிரிக்க முடியவில்லை. கேட்காமல் எடுக்கக்கூடாது என்ற ஏதோவொரு கூச்சம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. கேட்பது போன்ற ஒரு செய்கையால் அந்தக் கூச்சத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்.

பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் கதையில் இதைவிடக் கடுமையான இடம் ஒன்று உண்டு. அடியவருக்குக் கறி சமைக்கப் பெற்ற மகனையே அரியும்போது, தாய் மடியில் காலை இடுக்கிப் பிடித்திருக்கிறாள், தகப்பன் கையில் வாள். குழந்தை சீராளன் சிரிக்கிறான். அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கிறான். கோபன்ஹேகனில் கீர்க்ககோர் 1843இல் ஆபிரகாமும் ஈசாக்கும் மலையேறிய கதையை வைத்து ஒரு புத்தகமே எழுதி, தகப்பனின் நடுக்கத்தை நான்கு கோணத்தில் திருப்பிப் பார்த்தார். பிள்ளையின் சிரிப்பைக் கதைக்குள் வைத்தவர் சேக்கிழார். எனக்கு இந்த விஷயத்தில் சேக்கிழார்தான் கூடப் பயமுறுத்துகிறார். ஏனென்றால் அந்தச் சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரங்கேற்ற மேடைகளில் பார்த்திருக்கிறேன்.

யாரும் கோபிக்க வேண்டாம், நடனத்தை உயிராக நேசிக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரருக்கு விசா எடுத்து, மூன்று சேலை தைத்து, நானூறு பேருக்கு அழைப்பிதழ் அடித்த பிறகு, "எனக்கு இது வேண்டாம்" என்ற வசனத்தைப் பதினாறு வயதுப் பிள்ளை யாரிடம் சொல்வது? முதல் வருடத்தில் சொல்லியிருந்தால் ஒரு சோடிச் சலங்கையோடு போயிருக்கும். பத்தாம் வருடத்தில் அந்த வசனத்துக்கு ஒரு குடும்பத்தின் மானம் விலை. செலவு என்று நாம் பேசுவது கொடுத்த காசை. அந்தக் காசு இன்னொரு வேலையும் செய்கிறது: ஒவ்வொரு குரோனரும் மறுப்பின் விலையை ஒரு குரோனரால் உயர்த்துகிறது. கழகத்துக் கிழக்குதிரை தடைக்கு முன்னால் நின்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பயிற்றுநர் கட்டையை ஒரு துளை கீழே இறக்குவார், அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய குதிரை நின்றால் ஒன்றரை லட்சமும் நிற்கிறது. உலகப் போட்டியில் நின்றால் நான்கு வருடமும் ஒரு நாடும் அனுசரணையாளரும் நிற்கிறார்கள். குதிரைக்கு அதே கால், அதே பயம். அதன் 'மாட்டேன்' மட்டும் யாராலும் தாங்க முடியாத விலைக்கு வந்துவிடுகிறது.

தாங்க முடியாத விலை வந்தால் மனிதர் என்ன செய்வார்கள் என்பது பதிவில் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹொங்கொங்கில் நடந்தபோது தடைதாண்டிய நான்கு குதிரைகளின் பரிசோதனையில் கேப்சைசின் அகப்பட்டது. நம் சமையலறை மிளகாயின் காரம்தான் அது. வலி குறைக்கவும் பூசுவார்கள். காலில் பூசினால் தோல் எரிந்து, கட்டையில் பட்டுவிடுமோ என்று குதிரை இன்னும் உயர எழும்பும் என்பதால் அது தடைசெய்யப்பட்டது. யார் எதற்குப் பூசினார்கள் என்பதற்கு விளக்கங்கள் வேறுவேறாக வந்தன. நார்வே அணி வெண்கலத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஓகஸ்டில் டோக்கியோவில் ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லனில் ஜெர்மனியின் அனிகா ஷ்லோய் முன்னணியில் இருந்தார். அந்தப் போட்டியில் குதிரையைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். அவருக்குக் கிடைத்த செயின்ட் போய் தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார். பயிற்றுநர் வேலிக்கு வெளியிலிருந்து முட்டியால் குத்தினார். உலகம் பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். ஷ்லோயின் அழுகையை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கொடுமைக்காரியின் முகம் அது இல்லை. கையில் இருந்ததெல்லாம் போகிறதே என்று நிற்கிற ஒரு பெண்ணின் முகம். அதனால்தான் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. கெட்டவர்கள் மட்டும் செய்வதென்றால் என் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடலாம்.

டென்மார்க்கும் தன்னைத் தானே பார்க்க வேண்டி வந்தது. 2023 நொவெம்பரில் டிவி 2 தொலைக்காட்சி, நாட்டின் பெயர்பெற்ற குதிரைப் பண்ணையொன்றுக்குள் இரகசியக் கமெராவோடு ஆளை அனுப்பி எடுத்த படத்தைக் காட்டியது. சவுக்கும் குதிமுள்ளும் பட்ட தழும்புகளை எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் கழகத்தில் அந்த வாரம் பிள்ளைகள் பாடத்துக்கு முன்னால் குதிரைகளின் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகளோடு இதையெல்லாம் கதைத்தபோது அவள் சொன்னதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. "நீங்கள் ஒருநாளும் ஏறேல்லைத்தானே அம்மா. வெளியிலை நிண்டு பாக்கிறீங்கள். எனக்குக் கீழை அது மூச்செடுக்கிறது எனக்குத் தெரியும். அது யோசிக்கிறது தெரியும். சில நாள் அது வேண்டாம் எண்டு சொல்லும், அண்டைக்கு நான் தடையே வைக்கிறதில்லை." விக்கி ஹெர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மிருகப் பயிற்சியாளரும் கவிஞருமானவர், 1986இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஏறக்குறைய இதைத்தான் வாதாடினார். பயிற்சி என்பது இரண்டு உயிர்களுக்கு நடுவில் உண்டாகும் மொழி, அந்த மொழி இருந்தால்தான் குதிரைக்கு நம்மிடம் எதையாவது சொல்லவே முடியும் என்பது அவர் கட்சி. வெளியே நின்று பரிதாபப்படுகிறவர்களுக்கு அவர் காட்டிய பொறுமை குறைவு. என் மகளுக்கும் குறைவு.

குதிரையைச் சும்மா விட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் நான் நம்பவில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் நம் எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள். அவற்றிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, எந்தத் தடையையும் வைப்பதில்லை. கடும் வரட்சி வருகிற வருடங்களில் அவை தண்ணீர் இல்லாமல் சாகின்றன. படகில் போய்ப் படமெடுத்துக்கொண்டு வருகிறோம். கேட்கப்படாமல் இருப்பதும் கவனிக்கப்படாமல் இருப்பதும் அவற்றுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறது. லாயத்துக் குதிரைக்கு வாடகை கட்ட, குளம்பு பார்க்க, இரவு இரண்டு மணிக்கு வயிற்றுவலி என்றால் எழும்பி நடத்த ஓர் ஆள் இருக்கிறது. அந்த ஆள் அதை நேசிக்கிறது. அதற்காகத்தான் ஏறவும் விரும்புகிறது. இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஓர் இடத்தில் நான் உறுதியாக நிற்கிறேன். குதிரையின் சம்மதத்தை நாம் ஒருநாளும் அறிய முடியாது. காது முன்னுக்கு வந்தாலும் அது ஆடு சிலுப்பியது போலத்தான், நமக்கு வேண்டியபடி வாசிக்கலாம். அதன் மறுப்பை மட்டும் சந்தேகமில்லாமல் அறியலாம். நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது என்றால் நிற்கிறது. ஆகவே ஏறுகிறவருக்குள்ள கடமை சம்மதத்தைத் தேடுவதிலும் பார்க்க, மறுப்பு மலிவாக இருக்கும்படி வாழ்க்கையை வைத்துக்கொள்வது. 'சரி, இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லித் திரும்பிப் போகக் காசும் நேரமும் மனமும் மிச்சம் இருக்கும்படி. பாரிஸ் ஒலிம்பிக்கின் தனிநபர் இறுதிச் சுற்றில் அந்த எக்கர்மனே, அதே கிங் எட்வர்டிலிருந்து விழுந்து வெளியேறினார். அப்போது உலகத் தரவரிசையில் அவர்தான் முதலாம் இடம். அப்படிப்பட்டவரால் அதைத் தாங்க முடியும், அவரிடம் ஏற்கெனவே உலகப்பட்டம் இருக்கிறது. தாத்தாவின் 22 வருடக் குளிரறையை ஒரு குதிரையின் முதுகில் ஏற்றிவிட்டு, அதற்குமேல் தானும் ஏறுகிற பதினைந்து வயதுப் பிள்ளையால் முடியுமா? அவளும் மறுக்க முடியாது, குதிரையும் முடியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை அப்பாவிடம் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. அவர் கொடுப்பதை மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு, அது எனக்குத் தெரியும். பிரெடெரிசியாவின் பழைய கோட்டைமேட்டில் அவரோடு நடந்துகொண்டே, மெதுவாக, வேறு மாதிரிச் சொன்னேன். நாங்கள் குடியிருக்கிற இந்த ஊரை உண்டாக்கினது கோட்டைக்காக. ஆனால் 1682இல் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் மற்றவர்களுக்கும் இங்கே அவரவர் மதத்தில் இருக்க அரசன் இடம் கொடுத்தான். 1720 அளவில் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் வந்து புகையிலையும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். தங்கள் அரசன் சொன்ன மதத்தை 'மாட்டோம்' என்று சொன்னவர்களின் வம்சம். அவர்களுக்குப் பிறகு நாங்கள். "அப்ப இது மாட்டன் எண்டு சொன்ன ஆக்களின்ரை ஊர் எண்டுறாய்" என்றார் அப்பா. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாசலில் நிற்கிற சிப்பாய் சிலையைத் தாண்டும்போது, "இந்த ஊரிலை குதிரையிலை நிக்கிற ராசா சிலை இல்லையே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து, ஊரே கொண்டாடுகிற சிலை அந்தக் காலாட்சிப்பாய்தான் என்றேன். அது நல்லது என்றார்.

அவருக்கு மனவருத்தம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. குதிரை வாங்கவில்லை. பயிற்றுநர் பொறுமையானவர், அவருடைய ஏமாற்றத்தை மகளிடம் காட்டவில்லை. மகள் என்னோடு இரண்டு வாரம் சரியாகக் கதைக்கவில்லை, அது அவளுடைய உரிமை. பிறகு தானே தேடி, கோல்டிங் பாதையில் ஒரு டேனிஷ் அம்மாவின் சாம்பல்நிறப் பெட்டைக்குதிரையில் அரைப்பங்கு பிடித்தாள். பதினாலு வயதுக் குதிரை, கொஞ்சம் பிடிவாதம், தண்ணீர்த் தடையைக் கண்டால் ஆகாது.

அடுத்த மாதம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கழகப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மீற்றர் உயரம். நுழைவுக் கட்டணத்தைப் பேக்கரியில் சனிக்கிழமைகளில் நின்று உழைத்த காசில் அவளே கட்டினாள். அப்பா தான் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், குளிருக்குத் தொப்பி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் இரவுக் கடமையை மாற்றிக்கொண்டேன். ட்ரெய்லர் அனுமதிப்பத்திரம் வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.